வேலை தெரிஞ்சால் காணுமோ? வளந்தவைக்குப் படிப்பிக்கிறவைக்கும் பயிற்சி வேணும்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வீட்டு வேலையளையும் விட்டிட்டு இவ்வளவு பேர் இந்த வாசிகசாலைக்கு வந்திருக்கிறியள், அதுக்கே முதல்ல நன்றி. தையல் படிப்பிக்கிற தங்கச்சிமார் இருக்கிறியள், வயரிங், பைப் வேலை பழக்கிற தம்பிமார் இருக்கிறியள், கொம்பியூட்டர் வகுப்பு எடுக்கிற பிள்ளையள், பின்னேரத்தில சனசமூக நிலையத்தில இங்கிலிஸ், சிங்களம் சொல்லிக்குடுக்கிற பென்சன் எடுத்த ரீச்சர்மார், எல்லாரும் செய்யிறது ஒரே வேலைதான், வளந்த ஆக்களுக்குப் படிப்பிக்கிறது. ஆனா ஆரையும் கேட்டுப்பாத்தா "நான் ரீச்சர் இல்லை ஐயா, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிக்குடுக்கிறன்" எண்டுதான் சொல்லுவியள். இண்டைக்கு நான் சொல்ல வந்தது ஒண்டே ஒண்டு. அதுக்கெண்டு ஒரு பயிற்சி இருக்கு, அதுக்கெண்டு தகைமை இருக்கு, அதை நீங்கள் கட்டாயம் எடுக்கோணும், அதுவும் உங்களுக்காக இல்லை, உங்களுக்கு முன்னால வந்து இருக்கிற ஆக்களுக்காக.

எங்கட சனத்திட்ட ஒரு எண்ணம் இருக்கு, வேலை தெரிஞ்சவருக்குப் படிப்பிக்கவும் தெரியும் எண்டு. இருவது வருசமா வயரிங் செய்யிற ஒரு அண்ணையை எடுங்கோ, அவற்ற கை தன்ர பாட்டில ஓடும், எந்த வயரை முதல்ல இறுக்கிறது, எங்க டெஸ்டரை வைச்சுப் பாக்கிறது எண்டு அவர் இப்ப யோசிக்கிறதே இல்லை. அதுதான் பிரச்சினை. பக்கத்தில நிக்கிற ஆள் "எப்பிடியண்ணை?" எண்டு கேட்டா "இப்பிடித்தான், பார்" எண்டு இன்னும் ஒருக்கா அதே வேகத்தில செய்து காட்டுவார். பாக்கிறவருக்குக் கைதான் தெரியும், அவற்ற மண்டைக்குள்ள நடக்கிறது தெரியாது. தையலிலயும் அப்பிடித்தான், சட்டைக்குக் கை வைக்கிறது உங்களுக்கு ஒரு வேலை, பழக வந்தவவுக்கு அது ஏழெட்டு வேலை, எது முன்பக்கம் எண்டு பிடிக்கிறது, நடுவைக் குறிக்கிறது, சுருக்கை எங்க விடுறது, ஊசி குத்தி வைக்கிறது, பிறகுதான் மிசின். பயிற்சியில முதல்ல செய்விக்கிறதே இதைத்தான், உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு வேலையை எடுத்து துண்டு துண்டாப் பிரிச்சு எழுதுங்கோ எண்டு. கனபேருக்கு அது பெரிய கஸ்ரமா இருக்கும், தெரிஞ்ச வேலையை எழுத இவ்வளவு நேரமோ எண்டு அவையே அதிசயப்படுவினம்.

இன்னொரு பக்கம் பள்ளிக்கூடத்தில படிப்பிச்ச ரீச்சர்மார். உங்களுக்குப் படிப்பிக்கத் தெரியும், அதில சந்தேகம் இல்லை, ஆனா பிள்ளையளுக்கு. "நேற்றும் சொன்னனான் தானே, விளங்கேல்லையோ?" எண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டா அது தலையைக் குனிஞ்சிட்டு நாளைக்கும் வரும், வராட்டி அம்மா கலைச்சு விடுவா. அதே கேள்வியை நாப்பத்தைஞ்சு வயசு அம்மா ஒராளிட்டக் கேட்டுப் பாருங்கோ, அவ அடுத்த கிழமை வரமாட்டா. ஒண்டும் சொல்லமாட்டா, சண்டை பிடிக்கமாட்டா, பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு சொல்லி அனுப்புவா. நாங்களும் நம்பிக்கொண்டு இருப்பம்.

இந்த இடத்தில கொஞ்சம் நிண்டு கதைக்கோணும். எங்கட வகுப்புக்கு வாற ஆக்கள் ஆர் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. 1995 ஒக்டோபர் கடைசியில சண்டையால யாழ்ப்பாணத்து வலிகாமமே ஒரு ராத்திரியில எழும்பி நடந்தது, அப்ப ஏழாம் எட்டாம் வகுப்பில இருந்த பிள்ளைக்கு இப்ப நாப்பது தாண்டீற்றுது. அதுக்குப் பிறகு வன்னி, பிறகு 2009 கடைசிச் சண்டை, பிறகு முகாம். அவையளுக்குப் படிப்பு ஏறேல்ல எண்டு ஆரும் சொன்னா அது பொய். அவையின்ர பள்ளிக்கூடம் நிண்டு போச்சுது, அவ்வளவுதான். அதுக்குப் பிறகு அவை வீடு நடத்தியிருக்கினம், சீட்டுப் பிடிச்சிருக்கினம், இருவது பேற்ற கணக்கை ஒரு கொப்பியும் இல்லாமல் மனசில வைச்சிருப்பினம், கோழி வளத்து வித்து லோன் கட்டியிருக்கினம், பிரதேச செயலகத்துக்கும் பாங்குக்கும் தனிய அலைஞ்சிருக்கினம். இப்பிடிப்பட்ட ஒரு மனிசி உங்கட வகுப்பு வாசல்ல செருப்பைக் கழட்டும் போது அவவின்ர மனசில இருக்கிறது என்ன? வெக்கம். இவ்வளவு வயசில கொப்பியோட வாறன், ஊர் என்ன சொல்லும் எண்டு. பாங்கில போம் நிரப்ப ஏலாமல் பக்கத்தில நிக்கிற ஆரோ பெடியனிட்டக் குடுக்கிற வெக்கம் தாங்கேலாமத்தான் அவ வந்திருக்கிறா, அந்த வெக்கத்தை இஞ்சயும் குடுத்தா அவ எங்க போறது?

அதால வளந்தவைக்குப் படிப்பிக்கிற பயிற்சியில பாதி இதுதான் எண்டு நான் நினைக்கிறன், ஆளை வெக்கப்படுத்தாமல் பிழையைத் திருத்துறது எப்பிடி எண்டு பழகிறது. இது நல்ல மனசிருந்தாக் காணும் எண்டு சிலர் சொல்லுவினம். காணாது. நல்ல மனசுள்ள எத்தினையோ பேர் எல்லாருக்கும் முன்னால "அக்கா உங்கட பிழை, அழிச்சிட்டு எழுதுங்கோ" எண்டு சத்தமாச் சொல்லுறதை நான் கண்டிருக்கிறன், அவைக்கு அது தெரியவே தெரியாது.

அமெரிக்காவில மல்கம் நோல்ஸ் எண்டு ஒருத்தர் 1960கள், 70களில இதைப்பற்றிக் கனக்க எழுதினவர், இண்டைக்கும் எந்த நாட்டில இந்தப் பயிற்சிக்குப் போனாலும் அவற்ற பேர் வரும். வளந்த ஆளுக்கு ஏன் இதைப் படிக்கோணும் எண்டு முதல்ல தெரியோணும், அவரிட்ட இருக்கிற அனுபவத்தைப் பாவிக்கோணும், நாளைக்கே உதவுற மாதிரி ஒரு பிரச்சினையில இருந்து தொடங்கோணும், என்ன படிக்கிறது எண்டதில அவருக்கும் ஒரு சொல் இருக்கோணும், இதுகள்தான் அவர் சொன்னது. கடைசியாச் சொன்னது எங்கட ஊரில உடன சரிவராது. முதல் நாளே "நீங்கள் என்ன படிக்க விரும்புறியள்?" எண்டு கேட்டா "நீங்கள் சொல்லுறதைப் படிக்கிறம் சேர்" எண்டுதான் வரும், பிறகு எல்லாரும் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருப்பினம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் அதைக் கொண்டுவரலாம். மற்றதெல்லாம் இஞ்சயும் அப்பிடியே பொருந்தும்.

பிரேசில் நாட்டில பாவுலோ பிரேய்ரே செய்தது இன்னும் எங்களுக்குக் கிட்ட. 1963ல ஆன்ஜிகோஸ் எண்ட சின்ன ஊரில 300 பேரளவில கூலி வேலை செய்யிற சனத்துக்கு 40 மணித்தியால வகுப்பில எழுத வாசிக்கப் பழக்கினவர். அந்த நேரம் அந்த நாட்டில எழுத வாசிக்கத் தெரியாதவைக்கு வோட்டு இல்லை, அப்ப பாருங்கோ அந்த வகுப்பு எவ்வளவு பெரிய விசயம் எண்டு. அடுத்த வருசமே ராணுவம் ஆட்சியைப் பிடிச்சு இவரையும் உள்ளுக்க போட்டுது, பிறகு நாட்டை விட்டே போனவர். அவர் செய்தது என்னெண்டா, சின்னப்பிள்ளையின்ர அரிவரிப் புத்தகத்தைத் தூக்கி வைச்சிட்டு, அந்தச் சனம் தினம் வாயில சொல்லுற சொல்லுகளைச் சேர்த்தெடுத்தது. செங்கல் எண்டு ஒரு சொல், அதைப்பற்றி முதல்ல கதைக்க விடுவார், ஆர் கல் அரியிறது, ஆர் வீடு கட்டுறது, அந்த வீட்டில ஆர் இருக்கிறது எண்டு. பிறகு அந்தச் சொல்லை அசை அசையாப் பிரிச்சு ஒவ்வொரு அசைக்கும் அதின்ர குடும்பத்தைக் காட்டுவார்.

இதை எங்கட தமிழில செய்து பாருங்கோ, நல்லா வரும். மீன்பிடிக்கிற சனம் இருக்கிற குருநகரிலயோ பாசையூரிலயோ ஒரு வகுப்பு எண்டு வையுங்கோ. "வலை" எண்ட சொல்லை எழுதுங்கோ. ஒரு பின்னேரம் வலையைப் பற்றியே கதைக்க விடுங்கோ, ஆர் பொத்துறது, என்ன செலவு, கிழிஞ்சா ஆருக்கு நட்டம், அவை உங்களுக்குப் படிப்பிப்பினம், நீங்கள் கேட்டுக்கொண்டு இருங்கோ. பிறகு வ, வா, வி, வீ எண்டு ஒரு வரி, ல, லா, லி, லீ எண்டு அடுத்த வரி, லை, வே வரைக்கும் போங்கோ. இனி இந்த ரெண்டு வரியில இருந்து நீங்களாச் சொல்லுக் கட்டுங்கோ எண்டு விட்டிடுங்கோ. விலை வரும். வேலை வரும். வலி வரும். வேலி வரும். ஒரு தாய் தன்ர கையால முதல் தரம் எழுதுற சொல்லு "விலை" எண்டா அவவுக்கு அது எங்க உதவும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை, அடுத்த நாள் காலமை சந்தையில உதவும். "அணில், ஆடு" எண்டு தொடங்கினா இது வராது.

எங்களிட்டயும் ஒரு வழக்கம் இருந்தது. கோயிலில புராணபடனம், ஒராள் கந்தபுராணப் பாட்டை வாசிக்க மற்றவர் பயன் சொல்லுவார், எழுதத் தெரியாத கிழவியும் சூரன் கதையை வரிக்கு வரி சொல்லுவா. ஆறுமுக நாவலர் 1847 கடைசியில வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில பிரசங்கம் தொடங்கினது வளந்த சனத்துக்குத்தான், பள்ளிக்கூடம் அதுக்குப் பிறகுதான், 1848ல. வளந்தவை படிக்கிறது இந்த மண்ணில மரியாதையான விசயம், அதை நாங்கள் மறக்கக்கூடாது. ஆனா அதில ஒரு குறையும் இருந்தது, சொல்லுறவர் சொல்லுவார், கேக்கிறவை கேப்பினம், கேட்டவைக்கு என்ன விளங்கினது எண்டு கேக்கிற வழக்கம் இல்லை. அந்தப் பழக்கம் எங்கட வகுப்புகளுக்குள்ள அப்பிடியே வந்திட்டுது, ரியூட்டரியளும் அதைத்தான் வளத்து விட்டிருக்கு, மைக்கைப் பிடிச்சு ரெண்டு மணித்தியாலம் விடாமக் கதைக்கிறவர்தான் நல்ல மாஸ்டர் எண்டு. கையால செய்து பழகிற வேலைக்கு அது உதவவே உதவாது.

சரி, தகைமை எங்க எடுக்கிறது எண்டு கேப்பியள். தொழில் பழக்கிறவை முதல்ல உங்கட தொழிலுக்கே என்விகியூ எடுங்கோ, தேசிய தொழில் தகைமை, 7 மட்டம் இருக்கு, 4 வரைக்கும் சேட்டிபிகேட், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். கோஸ் படிக்காமல் வேலையிலேயே பழகின ஆக்களுக்கு ஆர்பிஎல் எண்டு ஒரு வழி இருக்கு, நீங்கள் செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, செய்தும் காட்டினா அந்தத் தகைமையைத் தருவினம், இது தெரியாமலே கனபேர் சும்மா இருக்கினம். தொழில்நுட்பம் படிப்பிக்கிறவைக்கெண்டு பட்டம் வரைக்கும் போகலாம், இரத்மலானையில யூனிவொடெக் எண்ட தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கு. இங்கிலிஸ் படிப்பிக்கிறவைக்கு கேம்பிரிட்ஜின்ர செல்ட்டா எண்ட சேட்டிபிகேட், 120 மணித்தியாலம், அதில 6 மணித்தியாலம் உண்மையான வளந்த மாணவருக்குப் படிப்பிச்சுக் காட்டோணும், காசு கூடத்தான், ஆனா நல்ல பயிற்சி. கோப்பாய்க் கல்வியியற் கல்லூரியும் யாழ்ப்பாணக் கம்பஸின்ர கல்வி டிப்ளோமாவும் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தை மனசில வைச்சுத்தான் நடக்குது. கொக்குவிலில திறந்த பல்கலைக்கழக நிலையம் இருக்கு, அங்க படிக்கிறவையே வேலைக்குப் போய்க்கொண்டு படிக்கிற ஆக்கள், அங்க போய் ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ.

லண்டனில இருக்கிற எங்கட சொந்தக்காரர் சிலர் இந்த வேலைக்கே பயிற்சி எடுத்திருக்கினம். அங்க தொடக்கநிலைச் சேட்டிபிகேட்டுக்கே ஒரு 15 நிமிசம் எல்லாருக்கும் முன்னால படிப்பிச்சுக் காட்டோணும். 2013ல வந்த டிப்ளோமாவில குறைஞ்சது 100 மணித்தியாலம் வகுப்பெடுக்க வேண்டியிருந்தது, 8 தரம் ஒராள் வந்து பின்னால இருந்து பாத்து எழுதித் தந்தவர். பிறகு அந்தக் கோசுகளை மாத்தியிருக்கினம், ஆனா பின்னால ஒராள் இருந்து பாக்கிறது போகேல்ல, போகவும் கூடாது. ஏனெண்டா புத்தகத்தில படிச்சது எல்லாத்தையும் வகுப்புக்குள்ள போன உடன மறந்திடுவம், நாங்கள் என்ன செய்யிறம் எண்டு எங்களுக்கே தெரியாது.

ஒரு சின்ன உதாரணம் சொல்லுறன். மேரி பட் ரோ எண்ட அமெரிக்க ஆராய்ச்சியாளர் வகுப்புகளை ரேப்பில பதிஞ்சு பாத்தவ. ரீச்சர் கேள்வி கேட்டிட்டு மறுமொழிக்கு எவ்வளவு நேரம் பொறுக்கிறா? ஒரு செக்கன் அளவுதான். அதை மூண்டு செக்கன் ஆக்கினா மறுமொழி நீளமா வருது, வாயே திறக்காத ஆக்களும் கதைக்கினம். அது பள்ளிக்கூடத்தில பாத்தது, ஆனா கனகாலமாப் பேனை பிடிக்காத ஒரு அக்காவுக்கு மூண்டு செக்கனும் காணாது எண்டு நான் சொல்லுவன். நீங்கள் பொறுக்கிறியளோ இல்லையோ எண்டு உங்களுக்குத் தெரியாது, பின்னால மணிக்கூட்டோட இருக்கிற ஆளுக்குத்தான் தெரியும்.

இதுக்கு நாங்கள் லண்டனும் போகத் தேவையில்லை, கொழும்பும் போகத் தேவையில்லை. சேட்டிபிகேட்டுக்கு விண்ணப்பிக்கிறது ஒரு பக்கம் நடக்கட்டும், அதுவரைக்கும் மூண்டு மூண்டு பேராச் சேருங்கோ, தையல் ரீச்சர் வயரிங் வகுப்பில போய் இருக்கட்டும், வயரிங் தம்பி இங்கிலிஸ் வகுப்பில இருக்கட்டும். பாடம் தெரியாத ஆள் இருந்து பாக்கிறதுதான் நல்லது, அவருக்கு விளங்கேல்ல எண்டா எங்க விளங்கேல்ல எண்டு சரியாச் சொல்லுவார். ஆர் எவ்வளவு நேரம் கதைச்சது, எத்தினை பேர் கையால செய்து பாத்தவை, பிழை விட்ட ஆளிட்ட என்ன சொன்னது, இந்த மூண்டையும் மட்டும் எழுதுங்கோ. குணத்தைப் பற்றி எழுதாதேங்கோ. வகுப்பு முடிஞ்சு ஆக்கள் போன பிறகு, தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு படிப்பிச்சவரும் பாத்தவரும் தனிய இருந்து கதையுங்கோ, மாணவருக்கு முன்னால ஒரு சொல்லும் வேண்டாம்.

நான் கதைச்சது காணும். செயலாளர் தங்கச்சியிட்ட ஒரு கொப்பி இருக்கு, அதில மூண்டு பேர் மூண்டு பேராப் பேரையும் வகுப்பு நடக்கிற நாளையும் எழுதுங்கோ, ஆர்பிஎல்லுக்குப் போட விரும்புறவை அதுக்குப் பின் பக்கத்தில எழுதுங்கோ. இப்ப கதிரையளை வட்டமாப் போடுவம், ஆராவது ரெண்டு பேர் 15 நிமிசம் எங்களுக்கு ஒரு வேலை பழக்கிக் காட்டுங்கோ, மற்றவை பாத்து எழுதுவம். தையல் தங்கச்சி, மிசின் அங்க மூலையில இருக்கு, நூல் கோக்கிறதில இருந்து தொடங்குவமோ?