‘நம்ம பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது’

குன்னூர், கோத்தகிரி தோட்டக் குடியிருப்புகளிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, அங்கன்வாடிப் பணியாளர்களே, ஆசிரியர்களே, வணக்கம்.

வெந்நீர் சுடும் என்று தெரியாத அம்மா நம் மலையில் ஒருவரும் இல்லை. ஆனாலும் உறைபனிக் காலையில் ஆவி பறக்கும் வாளி தரையில் இருக்கிறது. அம்மா பச்சைத் தண்ணீர் எடுக்கத் திரும்புகிறார். இரண்டு வயதுப் பிள்ளை வாளி விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கிறது. தெரிந்தும் ஏன் இப்படி நடக்கிறது?

1950-களில் அமெரிக்காவில் காசநோய்க்கு இலவச எக்ஸ்ரே என்று வண்டியை வீட்டருகே நிறுத்தியும் பலர் வரவில்லை. காரணம் தேடிய ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் முதலிய உளவியலாளர்கள், மனசுக்குள் நாலு கணக்கு ஓடுகிறது என்றார்கள். எனக்கு வருமா? வந்தால் எவ்வளவு மோசம்? தடுத்தால் பலன் உண்டா? தடுக்க எவ்வளவு சிரமம்? ‘என்னால் முடியுமா’ என்ற கணக்கு 1988-ல் சேர்ந்தது.

‘நம்ம பிள்ளை சூட்டிகை, கிட்டப் போகாது’ என்பதில் முதல் கணக்கு தப்புகிறது. தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டின் இடநெருக்கடி நாலாவது. அந்தச் சிரமத்தைக் குறைக்காமல் எவ்வளவு பயமுறுத்தினாலும் பழக்கம் மாறாது. எனவே ஒரே ஒரு மாற்றம் கேட்கிறேன்: வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர். முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே பிள்ளையைக் கூப்பிடுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் சூடு கம்மி என்று எண்ண வேண்டாம். 60 டிகிரி நீரே பெரியவர் தோலை 5 நொடியில் ஆழமாகப் புண்ணாக்கும். பிள்ளைத் தோல் மெலிது, அவ்வளவு நேரம்கூடத் தாங்காது.

‘கண்ணு பட்டுடுச்சு, தலையெழுத்து’ என்கிறோம். திருஷ்டி சுற்றிப் போடுவதை நான் தடுக்கவில்லை. எல்லாம் விதி என்றால் தடுத்து என்ன பலன் என்று மூன்றாவது கணக்கு அழிந்துபோகிறதே, அதுதான் என் கவலை. சுற்றிப் போடுங்கள், வாளிப் பழக்கத்தையும் மாற்றுங்கள்.

வெந்நீர் பட்டுவிட்டால் மஞ்சள், இங்க், பற்பசை எதுவும் வேண்டாம். வளையல், அரைஞாண், நனைந்த துணியை உடனே கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். புண்ணின் மேல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். ஐஸ் கூடாது. நம் குளிரில் பிள்ளை விறைத்துப்போகும் என்று பாதியில் நிறுத்திவிடுகிறோம். மற்ற உடம்பைக் கம்பளியால் போர்த்திவிட்டுத் தொடருங்கள். இதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

பள்ளிப் பிள்ளைகளின் கணக்கு வேறு. தன்னால் எட்டும், தாண்ட முடியும் என்று மிகையாக நினைத்த 6 வயதுப் பிள்ளைகளே அதிகம் அடிபட்டிருந்ததாக அமெரிக்க உளவியலாளர் ஜோடி ப்ளூமெர்ட் 1995-ல் எழுதினார். கனடாவில் உளவியலாளர் மோரோஞ்ஜெல்லோ குழுவினர் கண்டது எனக்கு இன்னும் முக்கியம்: பெண் பிள்ளைகள் ‘அடிபடுமா’ என்று பார்க்கிறார்கள், ஆண் பிள்ளைகள் ‘எவ்வளவு அடி’ என்று பார்க்கிறார்கள். பையனிடம் ‘விழுந்துடுவே’ என்றால் காதில் ஏறாது. ‘கை முறிஞ்சா ஒரு மாசம் மட்டை பிடிக்க முடியாது’ என்றால் நிற்பான்.

ஆசிரியர்களே, தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு போடுங்கள். தாண்ட முடியுமா என்று முதலில் சொல்லவையுங்கள், பிறகு தாண்டவையுங்கள். சொன்னதற்கும் தாண்டியதற்கும் உள்ள இடைவெளியைப் பிள்ளையே அளக்கட்டும். அளந்த கையோடு பாசி படிந்த படிக்கட்டுக்கும் தேயிலைச் சரிவின் தடுப்புச் சுவருக்கும் கூட்டிப்போய், அங்கே அதே கேள்வியை வாயால் மட்டும் கேளுங்கள்.