காய்ப்பு ஏறிய விரலும் கணக்கில் வரட்டும்

விழாத் தலைவர் பேராசிரியர் அவர்களே, என்னைப் பற்றிக் கூடுதலாகவே சொல்லிவிட்ட செயலாளர் அவர்களே, முட்டிவலியோடு படியேறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த பொறியாளர் ஐயா அவர்களே, அவையோரே, வணக்கம்.

தொடுதிரை பிறந்த கதை, அது வேலை செய்யும் விதம், இனி அது போகும் திசை என மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். பிறந்த கதை சுருக்கம்தான். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக, விரல் பட்டால் உணரும் திரையைப் பற்றி 1965-இல் இங்கிலாந்தின் ஈ. ஏ. ஜான்சன் எழுதினார்.

சரி, எப்படி உணர்கிறது? கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். இங்கே கையை அறிவது கண்ணாடியும் இல்லை. அதற்கு அடியில் இண்டியம் டின் ஆக்சைடு என்ற ஒளிபுகும் பூச்சில் மின்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. கோடுகள் சந்திக்கும் இடமெல்லாம் துளி மின்னூட்டம் நிற்கும். நம் உடம்பும் மின்கடத்திதானே? விரல் நெருங்கியதும் அங்குள்ள மின்புலத்தில் ஒரு பங்கை இழுத்துக்கொள்கிறது. எந்தச் சந்திப்பில் எவ்வளவு குறைந்தது என்று உள்ளே இருக்கும் சிப், அதாவது சில்லு, நொடிக்குப் பல பத்து முறை அளந்து, விரலின் நடுப்புள்ளியைக் கணக்கிடுகிறது. அழுத்தத்துக்கு அதில் வேலையே இல்லை.

இது என் தகப்பனாருக்குத் தெரியாது. தச்சர். நாற்பது ஆண்டு இழைப்புளி பிடித்த கை. புதுக் கைப்பேசி மணியடித்தது, எடுக்கப் பார்த்தார். திரை அசையவில்லை. அழுத்தினார். பிறகு கட்டைவிரலை ஊன்றி, மரத்தில் ஆணி இறக்குவதுபோல் அழுத்தினார். மணி நின்றுபோனது. மறுபடி அடித்தது, மறுபடி நின்றது. என் மகள் வந்து ஒரே இழுப்பில் எடுத்துக் கொடுத்தாள். பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “இதுக்கு நான் ஆளாவே தெரியலையா?” அப்புறம் ஈரத்துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு தொட்டார். கேட்டது. சில நாளில் விரல்முட்டியால் தொடவும் பழகிக்கொண்டார்.

காய்ந்து தடித்த தோல் வழியாக விரலின் இழுப்பு குறைந்துபோகிறது. குறைந்த மாற்றத்தை வெறும் இரைச்சல், அதாவது யாரும் தொடாமலே வரும் சிறு தடுமாற்றம், என்று சில்லு ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்கும் அந்த எல்லையை வகுத்தவர்கள் மனிதர்கள். உழைத்த கை ஒதுக்கப்படுகிறது என்பதற்குச் சிலர் ஆய்வறிக்கை கேட்கிறார்கள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

அதனால்தான் ஒரு மனு எழுதிக் கேட்கிறோம். கைப்பேசியை முதல்முறை திறக்கும்போதே விரலுக்கேற்ப உணர்திறனைச் சரிசெய்யும் வசதி கண்முன் வரட்டும். பொது இடத்து இயந்திரங்களில் திரையோடு அழுத்தும் பொத்தானும் இருக்கட்டும்.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை, தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடாதவர்கள் கைநாட்டு வைக்கலாம், மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம்.