மழையை மறிச்ச கறுப்பு பிளாஸ்டிக்: 1992 பெட்ரூஸ் ஒயின் பிழைச்ச கதை

உலகத்துலயே விலை கூடின ஒயின்கள்ல ஒண்ணைத் தர்ற தோட்டம் உங்க பொறுப்புல இருக்குன்னு வெச்சுக்கங்க. ஒரு புட்டி லட்சக்கணக்குல போகும். பறிப்புக்கு இன்னும் சில வாரம்தான் பாக்கி. மழை நிக்கவே மாட்டேங்குது. என்ன பண்ணுவீங்க?

1992 செப்டம்பர் தொடக்கத்துல, பிரான்ஸ்ல போமெரோல்ங்கிற சின்ன ஊர்ல ஒருத்தர் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை வரவழைச்சு, கொடி வரிசைகளுக்கு நடுவுல இருக்கிற தரையை மூடிட்டார். தோட்டத்தோட பேரு பெட்ரூஸ். அந்த ஆள், தோட்டத்தை நடத்திக்கிட்டு இருந்த கிறிஸ்தியான் முவெக்ஸ்.

[திரையில்: பச்சைக் கொடி வரிசைகள், நடுவுல பளபளன்னு கறுப்புத் தரை]

வணக்கம் மக்களே! உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். மது உடம்புக்குக் கேடு. யாரையும் குடிக்கச் சொல்றதுக்காக இந்த வீடியோ போடல. இது முழுக்க முழுக்க ஒரு விவசாயக் கதை. வீட்டுல வெள்ளாமை பார்க்கிறவங்க இருந்தா கூப்பிட்டுப் பக்கத்துல உட்கார வெச்சுக்கங்க. உங்களையும் என்னையும்விட அவங்களுக்கு இது சட்டுனு புரியும்.

பின்னணியை வேகமா முடிச்சிடறேன். போர்தோ வட்டாரத்துல தோர்தோஞ் ஆத்துக்கு வலது கரைப் பக்கம், லிபூர்ன் நகரத்தை ஒட்டி இருக்கு போமெரோல். பெட்ரூஸ் அங்க ஒரு மேட்டு நிலம். மொத்தமே சுமார் 11.5 ஹெக்டேர், நம்ம கணக்குல 28 ஏக்கர். நட்டிருக்கிறது கிட்டத்தட்ட எல்லாமே மெர்லோங்கிற திராட்சை ரகம். லேபிள்ல கையில சாவியோட புனித பேதுரு இருப்பார். மத்த போர்தோ தோட்டங்கள் மாதிரி பேருக்கு முன்னாடி 'ஷாத்தோ'ன்னு போட்டுக்கறது இல்ல. 2019-ல சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு 12 புட்டி ஒயின் அனுப்பி வெச்சாங்களே, அது 2000-ம் வருஷத்து பெட்ரூஸ்தான். அந்த அளவுக்குப் பேர்போன தோட்டம்.

சரி, மெர்லோவுக்கு வருவோம். இந்த ரகத்தோட குணம் தெரியாம கதை புரியாது.

மெர்லோ அவசரக்காரப் பயிர். போர்தோவோட இன்னொரு திராட்சை ரகமான கபர்னே சோவின்யோனுக்கு முன்னாடியே துளிர் விடும், முன்னாடியே பழுக்கும். நல்ல வருஷத்துல இது பெரிய லாபம், இலையுதிர்கால மழை வர்றதுக்குள்ள பறிச்சு முடிச்சிடலாம். கெட்ட வருஷத்துல அந்த அவசரமே ஆபத்து. ஏப்ரல்ல உறைபனி விழுந்தா முதல்ல கருகறது இதோட துளிர்தான். ஜூன்ல பூக்கும்போது குளிரும் மழையும் சேர்ந்துக்கிட்டா பூ பிஞ்சாகாம கொட்டிடும். 1984-ல போர்தோ முழுக்க மெர்லோ இப்படித்தான் காலியாச்சு. இதையெல்லாம் தாண்டி பழுக்கிற நேரத்துல மழை பிடிச்சா, மெர்லோவோட தோல் மெல்லிசு, தாங்காது.

ஒரு கொத்தைக் கிட்டப் போய்ப் பாருங்க. மழை பெய்ஞ்சு ரெண்டு நாள் ஆகியிருக்கும். வேர் குடிச்ச தண்ணி பழத்துக்குள்ள ஏறி, ஒவ்வொரு பழமும் உப்பும். கொத்து நெருக்கமா இருந்தா ஒண்ணை ஒண்ணு நெருக்கும். நடுவுல ஒரு பழம் வெடிக்கும். சாறு கசியும். அந்த ஈரத்துல சாம்பல் நிறத்துல பூஞ்சணம் பிடிக்கும். வெளியில இருந்து பார்த்தா கொத்து நல்லாத்தான் தெரியும், விரலால பிரிச்சாத்தான் உள்ள நடந்தது தெரியும். வெடிக்காம தப்பிச்ச பழத்துலயும் சர்க்கரை, நிறம், மணம் எல்லாம் தண்ணியில கரைஞ்சு வீரியம் போயிருக்கும். அதை ஒயினாக்கினா வெளிறிப்போய் சப்புன்னு இருக்கும்.

1992-க்கு முந்தின வருஷமும் லேசுப்பட்டது இல்ல. 1991 ஏப்ரல் 20-21 ராத்திரி விழுந்த உறைபனி போர்தோவை உலுக்கிடுச்சு. வலது கரையில மெர்லோ துளிர் கூட்டம் கூட்டமா கருகிச்சு. அந்த வருஷம் பெட்ரூஸ் பேர்ல ஒயினே வெளியிடல. யோசிச்சுப் பாருங்க, அந்தப் பேரை ஒட்டினா எது வேணும்னாலும் வித்துடும். ஒட்ட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. எனக்கு இந்தத் தோட்டத்து மேல மரியாதை வந்ததே இந்த இடத்துலதான்.

ஆக, ஒரு வருஷம் முழுசா போயிடுச்சு. அடுத்த வருஷமாவது கை கொடுக்கும்னு பார்த்தா, 1992 கோடை வெயிலையே காணோம். ஆகஸ்ட்ல கொட்டின மழை சாதாரண மழை இல்ல. இப்ப அந்த செப்டம்பருக்கு வந்துட்டோம்.

பெட்ரூஸ் நிலம் ஒரு அதிசயம். அடியில நீலம் பாரிச்ச களிமண் இருக்கு, ஸ்மெக்டைட் வகை. தண்ணி பட்டா உப்பும். உப்பி முடிச்சதும் அதுவே ஒரு தடுப்பாகி, மேற்கொண்டு வர்ற தண்ணியை உள்ள விடாது. வெயில் காலத்துல குடிச்சு வெச்ச தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா வேருக்குக் கொடுக்கும். அதனாலதான் வறட்சி வருஷத்துலயும் இங்க கொடி வாடாது. ஆனா விடாம அடிக்கிற மழையில, கீழே இறங்க முடியாத தண்ணி மேல் மண்ணை ஊற வெச்சுக்கிட்டே இருக்கும். கொடிக்கு வேணாம்னு சொல்லத் தெரியாது, குடிச்சுக்கிட்டே இருக்கும்.

அதுக்குத்தான் பிளாஸ்டிக். இங்கதான் என்னை அசர வெச்ச விஷயம் இருக்கு, கவனமா கேளுங்க. களத்துல நெல்லு குவிஞ்சு கிடக்கும்போது வானம் கறுத்தா தார்ப்பாயைத் தூக்கிட்டு ஓடுவோம் இல்லையா? நாம மூடறது நெல்லை. முவெக்ஸ் மூடினது பழத்தை இல்ல, தரையை! பழம் நனையட்டும், காத்து அடிச்சா காஞ்சிடும். பழத்தை மூடினா காத்தோட்டம் போயிடும், பூஞ்சணத்துக்கு நாமளே பந்தல் போட்ட மாதிரி ஆயிடும். இலைக்கு வெளிச்சமும் கிடைக்காது. உண்மையான எதிரி மேலேர்ந்து கொத்துல விழற தண்ணி இல்ல, கீழேர்ந்து வேர் வழியா ஏறி வர்ற தண்ணின்னு கண்டுபிடிச்சு, அந்த வழியை மட்டும் அடைச்சிருக்கார். பெட்ரூஸ் மேட்டு நிலம்கிறதால பிளாஸ்டிக் மேல விழுந்த மழை சரிவோட ஓடி வெளியேறிடும். பெரிய மிஷின் கிடையாது, மருந்து கிடையாது. தண்ணி எங்கேர்ந்து வந்து எங்க போகுதுங்கிற அறிவு மட்டும்தான். ஒரு நல்ல விவசாயிக்கு அடையாளம் அதுதான்னு நான் நினைக்கிறேன்.

அவர் திடீர்னு யோசிச்சு எடுத்த முடிவுன்னு நினைச்சுடாதீங்க. 1970கள்லயே, காய்ப்பருவத்துல கொத்துகளை வெட்டிக் கீழே போட்டு, மிச்சம் இருக்கிறதுக்கு வீரியம் சேர்க்கிற வேலையை அங்க தொடங்கி வெச்சவர் இவர்தான். விளைஞ்சதை வெட்டி மண்ணுல போடறதைப் பார்த்தா எந்த ஊர் விவசாயிக்கும் வயிறு எரியத்தானே செய்யும்? 1980கள்ல ஒரு ஈரமான பறிப்பு சமயத்துல ஹெலிகாப்டரைக் கூப்பிட்டு, தோட்டத்து மேல தாழப் பறக்க விட்டு, இறக்கைக் காத்துல திராட்சையைக் காய வெச்சதும் உண்டு!

பறிப்புலயும் இதே கண்டிப்பு. அப்போ பெட்ரூஸ்ல மத்தியானத்துக்கு மேலதான் பறிப்பாங்க. காலைப் பனி பழத்து மேல இருந்தா அதுவும் தண்ணிதானே! முவெக்ஸ் குடும்பத்துக்கு அந்தப் பக்கம் வேற தோட்டங்களும் இருந்ததால, கையில பெரிய ஆள் படை இருந்துச்சு. சரியான பொழுது பார்த்து எல்லாரையும் ஒரே நேரத்துல இறக்கி, சில மத்தியானத்துல மொத்தத் தோட்டத்தையும் முடிச்சிடுவாங்க. மழைக்கு நடுவுல கிடைக்கிற ஒரு வெயில் பொழுதைப் பிடிக்கணும்னா இப்படித்தான் தயாரா இருக்கணும்.

அதுக்கப்புறம் பொறுக்கல். சுமாரான பழத்துக்கு இடமே இல்ல. அந்த வருஷம் வந்த பெட்ரூஸ் வழக்கத்தைவிட வெகு குறைவு. ஆனா போர்தோ முழுக்க நீர்த்துப்போன ஒயினா வந்த வருஷத்துல, 1992-ஓட சிறந்த ஒயின்கள்ல ஒண்ணுன்னு விமர்சகர்கள் பேர் கொடுத்தது இதுக்குத்தான். 1989, 1990 பெட்ரூஸ் அளவுக்கு அடர்த்தி கிடையாது, அதை மறைக்க வேண்டியதும் இல்ல. விலையும் அதுக்கு ஏத்த மாதிரி ரொம்பக் கீழதான். என் பார்வையில 1990-ல வானம் பாதி வேலையைப் பார்த்துக்கொடுத்துச்சு. 1992-ல வானம் எதிர்த்து நின்னுச்சு, முழு வேலையும் மனுஷன் பார்த்தது. அதனால எனக்கு 1992தான் ஒசத்தி. நீங்க இதை ஒத்துக்கலன்னா கீழே கமெண்ட்ல சண்டைக்கு வாங்க, கண்டிப்பா பதில் போடுவேன்.

[திரையில்: சிவப்பு முத்திரை, 'அனுமதி இல்லை']

கதை இதோட முடியல. இந்த வித்தை வலது கரையில மத்தவங்களையும் இழுத்துச்சு. 2000-ம் வருஷம், உலகம் முழுக்கத் தோட்டங்களுக்கு ஆலோசனை சொன்ன மிஷேல் ரொலான், ஃப்ரோன்சாக்ல இருந்த தன்னோட ஃபோன்தெனீல் தோட்டத்துல இதே மாதிரி பிளாஸ்டிக் விரிச்சார். சாந்த் எமிலியோன்ல வலாந்த்ரோ தோட்டத்து ழான்-லூக் துனவானும் விரிச்சார். ரெண்டுமே மெர்லோ மேலோங்கின ஒயின்தான். இனாவோங்கிற பிரெஞ்சு அமைப்பு குறுக்கே வந்துச்சு. எந்த ஒயின் எந்த ஊர்ப் பேரைப் போட்டுக்கலாம்னு முடிவு பண்றவங்க அவங்க. பிளாஸ்டிக் விரிச்ச நிலத்து ஒயின்ல ஊர்ப் பேர் போடக்கூடாதுன்னுட்டாங்க.

ரெண்டு பேரும் பணிஞ்சு போகல. அந்த ஒயினை சாதாரண மேசை ஒயின் வகையிலேயே வித்தாங்க. அன்னைக்கு இருந்த சட்டப்படி மேசை ஒயின் லேபிள்ல எந்த வருஷத்து ஒயின்னுகூடப் போட முடியாது. ரொலான் தன் ஒயினுக்கு 'சவால்'னு அர்த்தம் வர்ற மாதிரி 'லெ தெஃபி த ஃபோன்தெனீல்'னு பேர் வெச்சார். துனவான் 'லான்தெர்தி த வலாந்த்ரோ'ன்னு வெச்சார், 'தடை செய்யப்பட்டது'ன்னு! இதுல பெரிய வேடிக்கை, 2000-ல கோடையோட கடைசிப் பகுதி நல்லா காஞ்சு, போர்தோவுக்கே அது பிரமாதமான வருஷமா அமைஞ்சு போச்சு. பிளாஸ்டிக்குக்குப் பெருசா வேலையே இல்ல.

இனாவோ பக்க நியாயத்தையும் சொல்லிடறேன். போமெரோல்னு பேர் போட்டா அந்த மண்ணும் அந்த வருஷத்து வானமும் அந்த ஒயின்ல இருக்கணும். மழை அந்த வருஷத்தோட பங்கு, அதைத் தடுத்தா அந்த வருஷத்தோட சாட்சியை அழிக்கிற மாதிரிங்கிறது அவங்க வாதம். பொதுவா அங்க கொடிக்குத் தண்ணி பாய்ச்சவும் தடை. தண்ணி கொடுக்கக் கூடாதுன்னா தண்ணியைத் தடுக்கவும் கூடாதுங்கிறதுல ஒரு ஒழுங்கு இருக்கத்தான் செய்யுது.

ஆனா என்னால முழுசா ஏத்துக்க முடியல. உறைபனி ராத்திரியில வரிசைக்கு வரிசை மெழுகு டப்பா கொளுத்தறாங்க. ராட்சதக் காத்தாடி வெச்சு மேல இருக்கிற சூட்டுக் காத்தைக் கீழே தள்றாங்க. 2021 ஏப்ரல் உறைபனியில ஹெலிகாப்டர்கூடப் பறந்துச்சு. அதுவும் அந்த வருஷத்து வானத்தோட போடற சண்டைதானே? குளிரோட சண்டை போடலாம், மழையோட போடக்கூடாதுங்கிற கோட்டை எந்த இடத்துல கிழிக்கறாங்கன்னு எனக்குப் புரியல. பயிரைக் காப்பாத்தறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

இந்தக் கேள்வி பழசாகிப் போகல. இப்போ தலைகீழா திரும்பி நிக்குது. பெட்ரூஸுக்குப் பக்கத்துலயே லாஃப்ளர்னு இன்னொரு தோட்டம், அதுவும் உச்சத்துல இருக்கிற பேர்தான். 2025 ஆகஸ்ட்ல அவங்க ஒரு அறிவிப்பு விட்டாங்க: 2025 விளைச்சல்லேர்ந்து எங்க ஒயின்ல போமெரோல்னு பேர் போட மாட்டோம், வெறும் 'பிரான்ஸ் ஒயின்'னு விப்போம். காரணம், பருவநிலை மாறி வெயிலும் வறட்சியும் கடுமையாகிப் போச்சு, பழைய விதிகளுக்குள்ள இருந்துக்கிட்டு கொடியைக் காப்பாத்த முடியலங்கிறாங்க. அன்னைக்கு ரொலானும் துனவானும் ஊர்ப் பேரைப் பறிகொடுத்தது தண்ணியைத் தடுத்ததுக்காக. இன்னைக்கு லாஃப்ளர் தானாவே பேரை விட்டுக்கொடுக்குது, தண்ணி பாய்ச்சற உரிமையும் வேணும்னு.

போமெரோல்ங்கிற பேர் எவ்வளவு காசு பெறும்னு தெரிஞ்சவங்க எடுத்த முடிவு இது. நீங்க அந்த இடத்துல இருந்தா பேரை வெச்சுக்குவீங்களா, கொடியைக் காப்பாத்துவீங்களா? கமெண்ட்ல எழுதுங்க. முக்கியமா வெள்ளாமை பார்க்கிறவங்க எழுதுங்க, உங்க பதிலைத்தான் நான் முதல்ல படிக்கப் போறேன்.