ஒரே நாள் போதும்

நடுவர் அவர்களே, வணக்கம். ஹெவி மெட்டல் என்னும் அதிரடி ராக் இசை ஆல்பத்துக்கு உயிர் வருவது ஒரே மூச்சில் வாசிப்பதாலா, ஸ்டுடியோவில் மாதக்கணக்கில் செதுக்குவதாலா? ஒரே மூச்சில் வாசிப்பதால்தான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிக்காவின் 1991 ஆல்பத்தைத் தூக்கிக் காட்டினார். எட்டு மாத ஒலிப்பதிவு, பதிந்த ஒலிகளைக் கலந்து சேர்க்கும் மிக்ஸிங் மட்டும் மூன்று முறை. நல்ல ஆல்பம்தான், எனக்கும் உயிர். ஆனால் மெட்டாலிக்காவுக்கு வழி போட்டுக் கொடுத்தது யார்? இங்கிலாந்தில் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியிலிருந்து வந்த நாலு தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், பிளாக் சபாத். அவர்களுடைய முதல் ஆல்பம் 1969இல் லண்டனில் ஒரே நாளில் பதிவானது. கிட்டாரும் பேஸும் டிரம்ஸும் சேர்ந்து முழங்க, ஓஸி ஆஸ்பர்ன் தனி அறையில் நின்று கூடவே பாடினார். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியாகி, பிரிட்டிஷ் பட்டியலில் 8ஆம் இடம்.

"ஒரே நாள் என்றால் அவசர வேலை" என்றார் எதிரணி நண்பர். ஐயா, அந்த விரல்களைப் பாருங்கள்! பிளாக் சபாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமிக்கு அப்போது 17 வயது. தகரத் தொழிற்சாலையில் கடைசி நாள் வேலை. இயந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. இடது கைப் பழக்கக்காரர்; தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார். அழுத்தினால் வலிக்கும் என்று மெல்லிய தந்தி போட்டார். அதன் பிறகு ஹாம்பர்க் கிளப்பில் ஒரே நாளில் பல முறை மேடையேறி வாசித்த வாசிப்பு! செதுக்கும் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. ஸ்டுடியோவுக்கு மிச்சம் இருந்தது வாசிப்பது மட்டும்தான்.

முதல் பாட்டின் மழையும் மணியோசையும் பிறகு சேர்த்தவை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உடம்பு சிலிர்ப்பது மழைக்கா? மணி ஓய்ந்ததும் கிட்டாரில், நம் கர்நாடக இசைப் பெயரில் சொன்னால், சட்ஜமம் (ச), மேல் சட்ஜமம், அடுத்து பிரதி மத்யமம் (உயர்ந்த ம). மூன்றே சுரம். நம் காதுக்குப் பழகிய பிரதி மத்யமம்தான். ஆனால் இங்கே அது அடுத்த சுரமான பஞ்சமத்துக்குப் போய் இளைப்பாறாமல், நின்ற இடத்திலேயே அதிர்கிறது. அந்த அதிர்வைக் கொடுப்பது தொப்பி மாட்டிய விரல், நடுவர் அவர்களே. எட்டு மாதம் கொடுத்திருந்தாலும் அதில் எதைத் திருத்தியிருப்பார்கள்?