மார்ஃபினுக்குக் கடிகாரம் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

'போதை மாத்திரைகள் பறிமுதல்' என்ற தலைப்பு நம் நாளிதழ்களுக்குப் புதிதல்ல. செய்தியை உள்ளே படித்தால் பல நேரங்களில் பிடிபட்டது டபென்டடால். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கும், கடுமையான நரம்பு வலிக்கும் மருத்துவர் எழுதித் தருகிற மாத்திரை அது. தலைப்பில் மட்டும் அதற்குப் பெயர் போதை மாத்திரை. அதைப் படிப்பவர்களில் ஒருவர் வீட்டில் புற்றுநோயோடு அம்மா படுத்திருப்பார், தலைமாட்டில் மார்ஃபின் அட்டை இருக்கும்; அபினிலிருந்து எடுக்கிற, கடும் வலிக்கான மருந்து அது. அன்றிரவு அந்த அம்மாவுக்குப் பாதி மாத்திரைதான் கிடைக்கும். "எதுக்கு வம்பு, பழகிடப் போகுது" என்பார்கள்.

துஷ்பிரயோகம் பொய்யல்ல. இதே வகை வலி மருந்தான டிரமடால் மாத்திரையை 2018 ஏப்ரலில் மத்திய அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. போதைக்காகத் தேடியவர்கள் அடுத்த மருந்தான டபென்டடால் பக்கம் நகர்ந்தார்கள். இளைஞர்கள் சிலர் இதைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரை என்பது மருந்து மட்டும் அல்ல. அதை உருட்டிப் பிடித்து வைக்க டால்க், மாவுப்பொருள் எல்லாம் சேர்ந்திருக்கும். இவை ரத்தத்தில் கரையாது. நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் போய் அடைக்கும். ஊசி போட்ட இடம் சீழ் பிடிக்கும், இதய வால்வில் கிருமி தங்கும். ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. இரண்டும் வரலாம். கூடவே மதுவும் குடித்திருந்தால் மூச்சு அடங்கிப்போகிற ஆபத்து பல மடங்கு.

இதைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் தடுக்கிற கை எங்கே போய் விழுகிறது என்பதில் நமக்குப் பழைய அனுபவம் உண்டு. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. தண்டனை கடுமை, குறைந்தது பத்தாண்டு சிறை. மார்ஃபின் வைத்திருக்க ஒரு மருத்துவமனை பல மாநிலங்களில் நான்கைந்து உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. எல்லாம் ஒரே சமயத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டும்; ஒன்று காலாவதியானால் மற்றவை வெறும் காகிதம். மருத்துவமனைகள் மார்ஃபினே வேண்டாம் என்று ஒதுங்கின. 1997-இல் நாடு முழுவதும் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் வெறும் 18 கிலோ. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு அனுமதியோடு அபின் விளைவித்து உலகுக்கு அனுப்புகிற நாடு இது! கேரளத்தின் வலி நிவாரண மருத்துவர் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியில் மார்ஃபின் வைத்திருக்கலாம். அங்கீகாரம் வாங்காத மருத்துவமனைகள்தான் இன்னும் ஏராளம்.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம். அதனால் வலி வந்த பிறகு தேடி எடுக்கிற மருந்தல்ல இது, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கிற மருந்து. காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம் என்று மருத்துவர் எழுதியிருந்தால், இரவு 10 மணிக்கு மட்டும் 20 கொடுக்கச் சொல்வது வழக்கம். நடு இரவில் எழுப்பாமல் இருக்கத்தான். ஆக, ஒரு நாளைக்கு 60. இடையில் வலி பீறிட்டால் கொடுக்க ஒரு கூடுதல் வேளையும் எழுதித் தருவார்கள். அது நாள் அளவில் ஆறில் ஒரு பங்கு, இந்தக் கணக்கில் 10. இதை எத்தனை முறை கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் நேரத்தோடு குறித்து வையுங்கள். மருத்துவர் அடுத்த முறை அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த நோட்டை வைத்துத்தான். நான் சொன்ன எண்கள் உதாரணம் மட்டுமே. வயதானவர்களுக்கு இன்னும் குறைவாகத் தொடங்குவார்கள்.

மலச்சிக்கல் நிச்சயம் வரும், அது போகப்போகவும் சரியாகாது. முதல் நாளே மலமிளக்கி தொடங்க வேண்டும். மார்ஃபினைப் பாதியில் விடுவதற்கு வயிறு கட்டிப்போவதும் ஒரு காரணம். குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாட்களில் தணிந்துவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்து உடலில் தேங்கும். எழுப்பினாலும் எழாத தூக்கம், குண்டூசி முனை போலச் சுருங்கிய கண்மணி, தசைத் துடிப்பு, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு, இவற்றில் எது தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்கிற மெதுவிடுவிப்பு மாத்திரையை மட்டும் ஒருபோதும் பொடித்துக் கொடுக்காதீர்கள். அரை நாள் மருந்து ஒரே சமயத்தில் உள்ளே இறங்கிவிடும்.

'பழகிவிடும்' என்ற பயம் பற்றி. சில வாரங்கள் எடுத்த பிறகு சட்டென்று நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை வரும். இது உடல் பழகிப்போனதன் அடையாளம், அடிமைத்தனம் அல்ல. படிப்படியாகக் குறைத்தால் போதும். கேடு தெரிந்தும் விட முடியாமல், மருந்தையே தேடி அலைவதுதான் அடிமைத்தனம். புற்றுநோய் வலிக்குச் சரியான அளவில் எடுப்பவர்களிடம் அது அரிது. ஆனால் நாள்பட்ட முதுகுவலிக்கு, மூட்டுவலிக்கு இந்த வகை மருந்து முதல் தேர்வே அல்ல. அதை எளிதாக எழுதித் தருகிற மருத்துவரைக் கேள்வி கேட்கலாம், தவறில்லை.

மருந்துக்கடையில் சந்தேகப் பார்வை விழத்தான் செய்யும். ஒரே மருத்துவர், ஒரே கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் நோயாளியின் பெயர், முகவரி, மாத்திரையின் வலிமை, எண்ணிக்கை எண்ணாலும் எழுத்தாலும், தேதி, மருத்துவரின் பதிவு எண் எல்லாம் இருக்கிறதா என்று மருத்துவமனையிலேயே பாருங்கள். கைப்பேசியில் எடுத்த படம் போதாது, அசல் சீட்டு வேண்டும். டிரமடால் வாங்கினால் கடைக்காரர் உங்கள் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதுவார். அது சட்டப்படி அவர் கடமை, கோபப்பட வேண்டாம். பயணத்தில் மாத்திரைகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடும் சீட்டோடும் எடுத்துச் செல்லுங்கள்.

படுக்கையில் இருப்பவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சை தருகிறார்கள். விவரத்துக்கு 104. மாத்திரைக்கு அடிமையாகிவிட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் 14446.

மார்ஃபினைப் பூட்டி வைத்து, வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நோயாளி காலமான பிறகு மிச்சம் இருந்தால், அலமாரியில் விட்டுவைக்காமலும், "பக்கத்து வீட்டுக்கு உதவும்" என்று கொடுத்துவிடாமலும், வாங்கிய மருத்துவமனையிலேயே எண்ணிக்கை சொல்லி ஒப்படையுங்கள்.