சாவியை யாரிடம் கொடுப்பது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே (நண்பர்கள் என்று கூப்பிட்டால் அவர்களுக்குப் பிடிக்குமோ என்னவோ, திறமைசாலிகளே என்று மாற்றிக்கொள்கிறேன்), வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

"நெடுந்தூர நற்பணிக் கார் ராலிக்கு அணி சேர்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நட்பா, திறமையா?" இதுதான் தலைப்பு. நற்பணி ராலி என்றால், நல்ல காரியத்துக்கு நிதி திரட்டி, அணி அணியாகக் காரில் நெடுந்தூரம் போவது. நான் நட்பு அணி. எதிரணித் தலைவர் பேசும்போது 'மெக்கானிக்' என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று என் பக்கத்தில் இருந்தவர் எண்ண ஆரம்பித்தார், 17-க்கு மேல் அவருக்கே அலுத்துப்போய் விட்டுவிட்டார். நடுவழியில் வண்டி நின்றால் நண்பன் தோளில் கை போடுவான், ஆனால் அந்தக் கைக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார். நல்ல கேள்வி. கைதட்டலும் வாங்கினார், நானும்தான் தட்டினேன்.

ஆனால் அவர் காட்டிய உதாரணம் என்ன? 1968-ல் நடந்த லண்டன்–சிட்னி மாரத்தான். 98 வண்டிகள் கிளம்பின, 56 தான் போய்ச் சேர்ந்தன, திறமை இல்லாதவன் பாதியில் நின்றான் என்றார். ஐயா, அது பந்தயம். நேரம் குறித்து, புள்ளி வெட்டி, ஜெயித்தவருக்குப் பரிசுப் பணம் கொடுத்த பந்தயம். நம் தலைப்பில் இருப்பது நற்பணி ராலி. பெயரில் ராலி என்று இருக்கிறதே தவிர, அங்கே முதலில் வந்தவனுக்குத் தனிக் கோப்பை கிடையாது. கொடுத்த வாக்குப்படி நிதி திரட்டினாயா, எல்லோரும் உருப்படியாக வந்து சேர்ந்தீர்களா, அவ்வளவுதான் கேள்வி.

அந்த 1968 கதையிலேயே எதிரணி சொல்லாமல் விட்ட ஒரு துண்டு உண்டு. கடைசிக் கட்டத்தில், சிட்னியை நெருங்கும்போது, முன்னணியில் இருந்த லூசியன் பியாங்கியின் அணி வண்டி எதிரே வந்த ஒரு மினி காரோடு மோதி நொறுங்கியது. பின்னால் வந்த பேடி ஹாப்கிர்க் அணி வண்டியை நிறுத்தி, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை மீட்க இறங்கியது. கடைசியில் ஹாப்கிர்க்குக்கு இரண்டாம் இடம். ஓட்டத் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள், சரி, இத்தனை வருடம் கழித்தும் நான் ஏன் இறங்கிய ஆளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்?

இப்போது நற்பணி ராலிக்கு வருவோம். 2004-ல் தொடங்கிய மங்கோல் ராலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் கிளம்பி மங்கோலியா பக்கம் போய்ச் சேர வேண்டும் என்றுதான் தொடங்கினார்கள், சுமார் 16,000 கிலோமீட்டர். பாதை நீயே போட்டுக்கொள். பின்னால் உதவி வண்டி வராது. நீ கொண்டுபோகும் வண்டியோ சந்தைக்குப் போய்வர வாங்குகிற சின்ன வண்டி, என்ஜின் பெரிதாக இருக்கக் கூடாது என்றே விதி வைத்தார்கள். அணிக்கு குறைந்தது 1,000 பவுண்டாவது நற்பணிக்குத் திரட்ட வேண்டும் என்று பல வருடம் விதி இருந்தது. முதல் வருடம் 6 வண்டி கிளம்பி 4 சேர்ந்தன. அடுத்த வருடம் 43 கிளம்பி 18 தான் முழுசாகப் போய்ச் சேர்ந்தன. அதாவது வண்டி கெட்டுப்போகும் என்பது தெரிந்துதான் கிளம்புகிறார்கள், கெட்டுப்போவதுதான் அந்த விளையாட்டே.

அப்படிக் கெட்டுப்போனால் யார் சரிசெய்வது? இங்கேதான் எதிரணி கோட்டை விடுகிறது. மனிதன் வண்டி ஓட்டுகிற ஊரில் எல்லாம் அந்த வண்டியைச் சரிசெய்கிறவனும் இருக்கிறான். சைலன்சர் கழன்று தரையில் இழுபட்டால் வெல்டிங் வைக்க ஒருவர் இருக்கிறார், டயருக்கு ஒட்டுப்போட ஒருவர் இருக்கிறார், அவர்களுக்கு அந்தச் சாலையின் குணம் உங்கள் பட்டதாரி மெக்கானிக்கை விட நன்றாகத் தெரியும், சைகையாலேயே வேலை முடிந்துவிடும். பெட்ரோல் டேங்கில் ஊசித்துளை மாதிரி ஓட்டை விழுந்து கசிந்தால், சோப்புக் கட்டியை எடுத்து ஓட்டையின் மேல் அழுத்தித் தேய்த்தால் அடுத்த ஊர் வரைக்கும் தாங்கும். இதற்கு என்ஜினியரிங் வேண்டாம், ஒரு குளியல் சோப்பும் பக்கத்தில் தீப்பெட்டி எடுக்காத ஒரு ஆளும் போதும். மணலில் ஜாக்கி வைத்தால் வண்டி ஏறுவதற்குப் பதில் ஜாக்கி இறங்கும், அடியில் ஒரு பலகை போட வேண்டும். மணலில் டயர் புதைந்தால் காற்றைக் குறைக்க வேண்டும், தார் ரோடு வந்ததும் திரும்ப அடிக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு சனி, ஞாயிறில் கற்றுக்கொள்ளலாம். ஸ்டெப்னி மாற்றக்கூடத் தெரியாமல் கிளம்புங்கள் என்று எங்கள் அணி சொல்லவே இல்லை. திறமையைக் கற்றுக்கொள்ளலாம், முடியாவிட்டால் வழியில் காசு கொடுத்து வாங்கலாம் என்கிறோம். ஆறு வாரம் முழங்கால் இடிக்க இடிக்க பக்கத்தில் உட்கார்ந்து வருகிற ஆளை எந்த ஊரில் வாங்குவீர்கள்?

அடுத்து, உயரம். தஜிகிஸ்தானில் பாமிர் நெடுஞ்சாலை, அதில் அக்பைத்தால் கணவாய், 4,655 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல். சின்ன என்ஜின் மூச்சு வாங்கும், முதல் கியரிலும் முனகும். உலகத்தின் தலைசிறந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போனாலும் அவரால் காற்றைச் செய்ய முடியாது, அவரும் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். சரி, வண்டியை விடுங்கள், மனிதன் கதை என்ன? உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் முதலில் தலைவலி, குமட்டல். முற்றினால் புத்தி தடுமாறும், நடை தள்ளாடும், பாதிக்கப்பட்டவரோ எனக்கு ஒன்றுமில்லை என்றே அடம் பிடிப்பார். போன வாரம் அறிமுகமான திறமைசாலிக்கு உங்களைப் பார்த்து என்ன தெரியும்? 'இவர் சுபாவமே சிடுசிடுப்பு போல' என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பதினைந்து வருடம் பழகியவனுக்குத்தான் நீங்கள் வழக்கமாக எப்படிச் சிடுசிடுப்பீர்கள், இன்றைய சிடுசிடுப்பு எப்படி என்ற வித்தியாசம் தெரியும். அவன்தான் பேச்சை நிறுத்திவிட்டு, கீழே இறங்கு என்று வண்டியைத் திருப்புவான்.

தூக்கமும் இப்படித்தான். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. நான்கு நொடி கண் செருகினால் ஏறக்குறைய 90 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறீர்கள். ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வருவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார், அதிலும் 'நான்தான் இந்த அணியின் முதல்தர ஓட்டுநர்' என்று சேர்க்கப்பட்டவர் சாவியைக் கொடுக்கவே மாட்டார். அவர் திறமைதானே அவருக்கு அங்கே சீட்டு வாங்கிக் கொடுத்தது. நண்பனிடம் அந்தக் கௌரவம் செல்லாது. 'டேய், நீ ஒரே பாட்டுக்கு மூன்று தடவை கொட்டாவி விட்டாய், ஓரங்கட்டு' என்று சொல்ல ஒருவன் வேண்டும், அதைக் கேட்டு நாம் கோபப்பட்டாலும் பத்து நிமிடத்தில் பின்சீட்டில் குறட்டை விட வேண்டும்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார் வைத்த வாதம்தான் உண்மையிலேயே கனமானது, அதை ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். நண்பர்கள் என்றால் கணக்கு எழுத மாட்டார்கள், கடைசியில் பணத்தில் சண்டை வந்து நட்பும் போகும், ராலியும் போகும் என்றார். நடக்கிறது. கிளம்புவதற்கு முன்னாலேயே உடைந்த அணிகள் உண்டு. பயணச் செலவும் நற்பணி நன்கொடையும் ஒரே பணப்பையில் கிடந்தால், யார் காசில் பெட்ரோல் போட்டோம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அம்மா, இதற்கு மருந்து ஒரு காகிதம், அந்நியர் இல்லை. நன்கொடை நேராக நற்பணி அமைப்பின் கணக்குக்குப் போக வேண்டும், நம் கையைத் தொடவே கூடாது. வண்டி, விசா, பெட்ரோல், காப்பீடு எல்லாம் நம் சொந்தப் பணம், தனி நோட்டு. யாராவது பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், வண்டி ஒரேயடியாகப் படுத்துவிட்டால் என்ன செய்வது, வீட்டில் அவசரம் என்றால் யார் கூடப் போவது, இதெல்லாம் கிளம்புவதற்கு முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நண்பனிடம் போய்க் கையெழுத்துக் கேட்பது சங்கடம்தான். அந்தச் சங்கடத்தைத் தாங்க முடியாத நட்போடு நானும் வண்டி ஏற மாட்டேன், அது வேறு விஷயம்.

அப்புறம் அந்த நன்கொடை. அது யார் கொடுக்கிறது? கார்ப்புரேட்டரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார் என்பதற்காக யாரும் பணம் அனுப்புவதில்லை. உங்கள் சித்தி கொடுக்கிறார், பழைய வகுப்புத் தோழன் கொடுக்கிறான், அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் கொடுக்கிறார், அந்தக் கூட்டம் பத்து வருடமாக நம்மைச் சேர்ந்தே பார்த்திருப்பதால் கொடுக்கிறது, அதே கூட்டம் பணம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கவும் செய்யும். நேற்றுச் சேர்த்த ஆளை அவர்களுக்குத் தெரியாது, அவரும் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சுங்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. பல நாடுகளில் வெளிநாட்டு வண்டியைத் தற்காலிகமாக உள்ளே விடும்போது ஒரு ஆளின் பெயரில்தான் எழுதுவார்கள். அந்த ஆள் வண்டியில்லாமல் வெளியேறப் போனால் வண்டி எங்கே என்று கேள்வி வரும், தீர்வை கட்டச் சொல்லுவார்கள். அதாவது யார் பெயரில் பத்திரம் இருக்கிறதோ அவர் கோபித்துக்கொண்டு விமானம் ஏறினால், மிச்சமிருப்பவர்கள் அடுத்த எல்லையைத் தாண்டுவது பெரும்பாடு. எதிரணியினர் திறமையானவரைச் சேர்ப்பார்கள், சந்தோஷம், பத்திரத்தை அவர் பெயரில் எழுதுவார்களா? கேட்டுப் பாருங்கள் நடுவர் அவர்களே.

கடைசியாக என் சொந்தக் கதை, எதிரணி அனுமதித்தால். நாங்கள் மூன்று பேர், ஒரு பழைய சின்ன வண்டி, காஸ்பியன் கடலைத் தாண்டக் காத்திருந்தோம். அஜர்பைஜான் பக்கத்திலிருந்து கிளம்பும் அந்தக் கப்பல் சரக்குக் கப்பல், லாரியும் ரயில் பெட்டியும் ஏற்றுவது. அதற்கு நேர அட்டவணை என்று ஒன்று கிடையாது. நிறைந்தால் போகும், காற்று அடித்தால் நிற்கும். இன்று என்பார்கள், நாளை என்பார்கள். முதல் நாள் சிரித்தோம். இரண்டாம் நாள் சீட்டு ஆடினோம். மூன்றாம் நாள் ஒருவன் தண்ணீர் பாட்டிலை மூடாமல் வைத்தான் என்று இன்னொருவன் அரை மணி நேரம் பேசினான், நான் யார் பக்கமும் சேரவில்லை என்று இரண்டு பேரும் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் இரவு மூன்று பேரும் வண்டிக்குள் கால் நீட்ட முடியாமல், கண்ணாடி முழுக்க எங்கள் மூச்சு படிந்து, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தோம். அப்போது பின்சீட்டிலிருந்து ஒரு குரல், பள்ளிக்கூடத்தில் எங்கள் கணக்கு வாத்தியார் சொல்லும் அதே இழுவையில், 'என்ன, யாருக்குமே விடை வரலையா?' என்றது. அவ்வளவுதான். வண்டியே குலுங்கும் அளவுக்குச் சிரித்தோம், வெளியே லாரி டிரைவர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு மெக்கானிக் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார்? வண்டி நன்றாகத்தான் இருந்தது, பழுதாகிக் கிடந்தது நாங்கள்தான்.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். ஒன்று மட்டும் நேர்மையாக ஒத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் அம்மையார் எழுந்து கேட்பார். அந்தச் செலவு நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கப்பல் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு வர வேண்டும், தண்ணீர் பாட்டில்காரன் இன்னும் தரவில்லை. அடுத்த ராலிக்கு அவனைத்தான் மறுபடியும் சேர்த்திருக்கிறேன், பாக்கியை அதில் கழித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.

நன்றி, வணக்கம்.