காயில் கட்டினால் ஓடுகிற மோட்டாரை எடைக்குப் போடுவோமா?

வணக்கம். புதூர் ஐ.டி.ஐ.யிலிருந்து வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கும், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற என் பழைய ஷெட் தோழர்களுக்கும் தனியாக ஒரு வணக்கம்.

முப்பத்து நான்கு வருஷம் டீசல் லோகோவை, அதாவது டீசல் ரயில் இன்ஜினை, பிரித்து மாட்டியவன் நான். இப்போது யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "அதான் பிராட்கேஜ் பாதையில் 99 சதவீதம் கரண்ட் கம்பி வந்துவிட்டதே, இன்னும் எதற்கு டீசல்?" நியாயமான கேள்வி. கரண்ட் வந்தது நல்லது, நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் நிலக்கரியும் உரமும் கிரேன் வைத்து, லோடர் வைத்து ஏற்றி இறக்குகிற பாதையில் தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பியை எப்படிக் கட்டுவீர்கள்? புயலில் கம்பி அறுந்து விழுந்தால் மின்சார இன்ஜின் என்பது நூற்று இருபது டன் இரும்பு, அவ்வளவுதான். 2018-ல் கஜா புயல் அடித்தபோது டெல்டா பக்கம் எத்தனை கம்பம் சாய்ந்தது என்று நாம் பார்த்தோம். அன்றைக்கு ஜல்லி வண்டியையும் மீட்பு வண்டியையும் இழுக்க ஒரு டீசல் வேண்டும், அதுவும் கூப்பிட்டவுடன் ஸ்டார்ட் ஆகிற டீசலாக இருக்க வேண்டும்.

சரி, அந்த டீசல் எது? புதிதாக வாங்க வேண்டியதில்லை, இருப்பதையே புதுப்பிக்கலாம் என்பதுதான் என் கட்சி.

மேலூர்ப் பக்கம் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் எந்தச் சம்சாரியாவது அதை அப்படியே எடைக்குப் போடுகிறாரா? சைக்கிள் கேரியரில் கட்டி காயில் கட்டுகிற கடைக்குக் கொண்டுபோகிறார். பேரிங் மாற்றி, செம்புக் கம்பி புதிதாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றி, மறுபடியும் பத்து வருஷம் தண்ணீர் இறைக்கிறார். வார்ப்பு உடல் அப்படியே இருக்கிறது, எரிந்தது உள்ளே இருக்கிற கம்பி மட்டும்தான் என்று அவருக்குத் தெரியும். ரயில் இன்ஜினும் இதே கதைதான். அண்டர்ஃபிரேம் என்கிற அடிச்சட்டம், சக்கரங்களைத் தாங்குகிற போகி, டிரைவர் உட்காரும் கேப், டேங்க் என்று எடையில் பெரும்பங்கு எளிதில் சாகாத எஃகு. சாவது பிஸ்டன், அது ஓடுகிற லைனர், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ, ஒயரிங், கரண்டைத் திறந்து மூடுகிற ரிலே.

நம் நாட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962-ல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து டபிள்யூ.டி.எம்-2 என்கிற டீசல் லோகோ வந்தது. பதினாறு சிலிண்டர், 2600 குதிரைத்திறன். 1964 முதல் வாரணாசியிலேயே செய்ய ஆரம்பித்தோம். ஆல்கோ கம்பெனி 1969-ல் லோகோ செய்வதையே நிறுத்திவிட்டது, ஆனால் அதன் இன்ஜினை நாம் அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் விடாமல் செய்துகொண்டிருந்தோம். அது மட்டுமா, பாட்டியாலாவில் இதற்கென்றே ஒரு பணிமனை வைத்து, பாதி ஆயுள் ஓடி வந்த டபிள்யூ.டி.எம்-2-ஐப் பிரித்து 3100 குதிரைத்திறனாக மாற்றி அனுப்பினார்கள். அதே பதினாறு சிலிண்டர். டர்போ பெரிதானது, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கிற ஆஃப்டர்கூலர் பெரிதானது, எரிபொருள் பம்ப் 15 மில்லிமீட்டரிலிருந்து 17 ஆனது, பிஸ்டன் தலைக்கு எஃகுத் தொப்பி வந்தது, சக்கரத்தைச் சுற்றுகிற மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுக்கிற டி.சி. ஜெனரேட்டர் போய் ஆல்டர்னேட்டர் வந்தது. 500 குதிரைத்திறன் கூடுதல்! இதைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற ஃபிட்டர்களும் எலக்ட்ரீஷியன்களும்தான் என்பதை இந்த மேடையில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வேன்.

இப்போது எனக்கு ரொம்ப நாளாக மனதில் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். சும்மா நிற்கிற இன்ஜின். யார்டில் சரக்கு வண்டி சிக்னலுக்காகவோ ரேக் என்கிற பெட்டி வரிசைக்காகவோ நிற்கும், இன்ஜின் மட்டும் டுக்கு டுக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஏன் அணைக்கவில்லை என்று டிரைவரைத் திட்டாதீர்கள். அணைத்தால் பிரேக் பைப்பில் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும், பேட்டரி பழசாக இருந்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது, நடுராத்திரியில் அந்தப் பழியை யார் சுமப்பது? அதனால் ஓடவிடுகிறார்கள். ஆல்கோ சும்மா ஓடினால் மணிக்கு இருபது லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். பத்து மணி நேரம் நின்றால் 200 லிட்டர், ஒரு அங்குலம் நகராமல். இதற்கு மருந்து என்ன தெரியுமா? ஏ.பி.யு. என்கிற ஒரு குட்டி டீசல் இன்ஜின். பெரிய இன்ஜின் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் கட்டுப்பாட்டுப் பெட்டி அதைத் தானாக அணைத்துவிடும், குட்டி இன்ஜின் ஓடி பேட்டரியை ஏற்றும், கம்ப்ரசரைச் சுற்றிக் காற்றைப் பிடித்து வைக்கும். அது குடிப்பது மணிக்கு சுமார் மூன்று லிட்டர். அதே பத்து மணி நேரத்துக்கு முப்பது லிட்டர் ஆகிறது, மிச்சம் 170. புதுப்பிக்கிற வேலையில் முதல் ரூபாயை எங்கே போடுவது என்று என்னைக் கேட்டால் இதில்தான் போடச் சொல்வேன். இன்ஜினைப் பிரிக்கக்கூட வேண்டியதில்லை.

அடுத்தது சக்கரம் வழுக்குவது. மழைத் தூறலில் அம்பாத்துரைப் பக்கம் ஏற்றத்தில் லோடு வண்டி இழுத்தவர்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். பழைய ரிலே முறையில் ஒரு சக்கரம் வழுக்கினால் மொத்தப் பவரும் இறங்கும், வண்டி திணறி நிற்கும். மைக்ரோப்ராசஸர் என்கிற கணினிக் கட்டுப்பாடு வந்தபிறகு வழுக்குகிற அளவுக்கு மட்டும் இறக்கி, மணல் தூவி, மறுபடி ஏற்றும். அதைவிடப் பெரிய மாற்றம் சக்கரத்தைச் சுற்ற வந்த ஏ.சி. மோட்டார். டி.சி. மோட்டார் வழுக்கினால் பிய்த்துக்கொண்டு ஓடும். ஏ.சி. மோட்டார் கொடுக்கிற அதிர்வெண்ணுக்குக் கட்டுப்பட்டது, அதைத் தாண்டி ஓட அதனால் முடியாது, தேய்வதற்குக் கார்பன் பிரஷ்ஷும் கிடையாது. கணக்கு சொல்கிறேன்: டி.சி. மோட்டார் உள்ள டபிள்யூ.டி.ஜி-3ஏ என்கிற சரக்கு லோகோ சுமார் 123 டன், புறப்படும்போது இழுவை சுமார் 38 டன். ஏ.சி. மோட்டார் உள்ள டபிள்யூ.டி.ஜி-4 அதைவிட மூன்று டன்தான் கூட, இழுவையோ 54 டன் பக்கம். அமெரிக்காவில் நார்ஃபோக் சதர்ன் ரயில்வே தன் பழைய டி.சி. லோகோக்களின் அடிச்சட்டத்தை வைத்துக்கொண்டே ஏ.சி. மோட்டாருக்கு மாறியது. யூனியன் பசிபிக் 2022-ல் 600 பழைய லோகோவைப் புதுப்பிக்க நூறு கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. பிரிட்டனில் 1970, 80-களின் கிளாஸ் 56 லோகோவின் அடிச்சட்டத்தில் புது இன்ஜின் ஏற்றி, கிளாஸ் 69 என்று பெயர் மாற்றி ஓட்டுகிறார்கள். பணக்கார நாடே இரும்பை வீணாக்கவில்லை.

ஆனால் அரைகுறையாகப் புதுப்பித்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஷெட்டுக்கு ஒரு தடவை பளபளவென்று பெயிண்ட் அடித்து, புது மைக்ரோப்ராசஸர், புதுத் திரை எல்லாம் வைத்து ஒரு லோகோ வந்தது. மாலை போடாத குறையாக வரவேற்றோம். மூன்றாவது மாதம், லோடோடு ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தபோது ஜி.ஆர். விழுந்தது. கிரவுண்ட் ரிலே, மின்சாரம் எங்கேயோ உடம்பில் கசிகிறது என்று அர்த்தம். டிரைவர் ரீசெட் செய்தார், விழுந்தது. மறுபடி செய்தார், விழுந்தது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்றன. ஷெட்டுக்கு இழுத்து வந்து தரைத்தகட்டைத் தூக்கிப் பார்த்தால், பழைய ரப்பர் கேபிள்! எண்ணெயில் ஊறி, காய்ந்த பனையோலை மாதிரி வெடித்து, உள்ளே செம்பு பல்லை இளிக்கிறது. மூளையைப் புதிதாக வைத்தவர்கள் நரம்பை மாற்றவில்லை. கேபிள் கண்ணுக்குத் தெரியாது, திரை தெரியும். செலவுப் பட்டியலில் முதலில் வெட்டப்படுவது எப்போதும் கண்ணுக்குத் தெரியாததுதான், அந்த ராத்திரியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. எப்போது கண்ட்ரோலை மாற்றினாலும் ஒயரிங்கை முழுசாக உரித்துப் புதிதாக இழுங்கள். பாதி மாற்றுவதென்றால் தொடவே தொடாதீர்கள்.

அப்புறம், எல்லா இன்ஜினையும் காப்பாற்றிவிடலாம் என்றும் நான் சொல்லமாட்டேன். தூத்துக்குடி, ராமேஸ்வரம் உப்புக்காற்றில் வருஷக்கணக்காக ஓடிய அண்டர்ஃபிரேமைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் சில இடத்தில் மணிச் சத்தம் வராது, மண்பானைச் சத்தம் வரும். கிராங்க்கேஸ் என்கிற இன்ஜின் உடலில் மெயின் பேரிங் உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி தூவிக் காத்திருங்கள். வெள்ளைக்கு மேலே முடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு எழுந்து வந்தால் அது விரிசல், அந்த கிராங்க்கேஸை நம்பி லட்சக்கணக்கில் செலவு செய்யக்கூடாது. அங்கே எடைக்குப் போடச் சொல்கிற முதல் ஆள் நானாக இருப்பேன். முதலில் சோதனை, பிறகுதான் செலவு.

ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு ஒன்று. லேப்டாப்பைச் சொருகி ஃபால்ட் படிப்பதை நீங்கள் எங்களைவிட வேகமாகக் கற்றுக்கொள்வீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இன்ஜினை அணைத்தபிறகு டர்போ எத்தனை விநாடி சுற்றி நிற்கிறது என்று காதால் கேட்டே பேரிங் நிலைமையைச் சொல்லுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆல்கோவில் சுமார் தொண்ணூறு விநாடியாவது அது ஓட வேண்டும், சீக்கிரமே நின்றால் உள்ளே ஏதோ பிடிக்கிறது. அந்த ஓசை எப்படி இருக்கும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. அப்படிப்பட்ட மூன்று பேர் அதோ பின்வரிசையில் இருக்கிறார்கள். இப்போது டீ கொடுப்பார்கள், நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.